கவர்னர் வீட்டுப் பை

நாட்டின் கடனை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார், வீட்டின் கடனை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டில் எது ஒழுங்காக நடக்கிறது என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வெளுத்து வாங்கியிருப்பேன்.

அவர் மத்திய வங்கியின் கவர்னர். பட்டத்தைக் கேட்டால் ஏதோ குதிரைமேல் வருவார் என்று தோன்றும். வருவதென்னவோ காரின் பின்சீட்டில், மடியில் ஃபைல்களைக் கட்டிக்கொண்டு, தூங்கி வழிந்தபடிதான். கிழிந்த நோட்டுகளைப் பிரித்தெடுக்கும் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். கல்யாணமான புதிதில் நன்றாகத்தான் பேசுவார். மேலதிகாரியைத் திட்டுவார், என் சமையலைத் திட்டுவார், இரண்டுக்கும் விவரமாகக் காரணம் சொல்வார். பிறகு ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் அவரிடமிருந்து சில வார்த்தைகளைப் பிடித்தம் செய்துகொண்டார்கள். உதவி மேலாளரானபோது 'நிச்சயமா' போயிற்று. பொது மேலாளரானபோது 'ஆமா'வும் 'இல்ல'யும் போயின. கவர்னரானபோது கையில் மிஞ்சியது ஒரே ஒரு வாக்கியம்: "நிலைமையைக் கவனித்து வருகிறோம்."

வங்கியில் இதற்குக் கைதட்டுகிறார்கள். வீட்டில் நான் என்ன செய்வது?

"மாடியில தொட்டி நிரம்பி வழியுதுங்க."

"நிலைமையைக் கவனிச்சிட்டு வர்றேன்."

"நீங்க கவனிச்சிட்டே இருங்க. நான் போய் மோட்டாரை அணைக்கிறேன்."

இந்தப் பதவியை அவருக்குக் கொடுத்தது என் தம்பி. அவன்தான் நிதி அமைச்சர். அம்மா போனபிறகு அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவள் நான். அன்றைக்கே அவன் பக்கத்துப் பையனிடம் பென்சில் கடன் வாங்கி, அதைத் திருப்பிக் கொடுக்க இன்னொருவனிடம் கடன் வாங்குவான். இவன் பெரிய ஆளாக வருவான் என்று வாத்தியார் சொன்னார். கடைசியில் நாட்டின் கஜானாச் சாவி அவன் கைக்கே வந்தது. கவர்னர் நாற்காலி காலியானபோது அவன் ரொம்ப யோசிக்கவில்லை.

"அத்தான் ஒரு வாயில்லாப் பூச்சி, அக்கா. காட்டுற இடத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாரு" என்றான்.

வாயில்லாப் பூச்சிக்கும் முதுகெலும்பு இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது.

இந்தக் கடன் விவகாரம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அரசாங்கம் கடன் பத்திரம் என்று ஒன்றை ஏலம் விடும். பணமுள்ளவர்கள் வாங்குவார்கள். சில வருஷம் கழித்து அவர்களுக்கு வட்டியோடு திருப்பித் தரவேண்டும். அந்த நாள் வந்ததும் அரசாங்கம் புதுப் பத்திரம் விற்று, அந்தக் காசில் பழைய பத்திரத்தைத் தீர்க்கும். இதற்குக் கடன் மேலாண்மை என்று பெயர். இதையே எங்கள் சித்தப்பா செய்தபோது எங்கள் குடும்பத்தில் வேறு பெயர் வைத்திருந்தோம். புதுப் பத்திரத்தை வாங்க ஆள் வரும்வரை வண்டி ஓடும். வராவிட்டால், நோட்டு அடிக்கும் இயந்திரம் என் வீட்டுக்காரர் பொறுப்பில் இருக்கிறது. அடித்துக் கடனை அடைத்துவிடலாம். அதன்பிறகு அந்த நோட்டைக் கொண்டுபோய் எதையும் வாங்க முடியாது, அவ்வளவுதான்.

அதனால் ஏலத்துக்கு முந்தைய வாரம் தொடங்கி ஏலம் முடியும்வரை வங்கியில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மௌன வாரம் என்பார்கள். முன்பெல்லாம் பெயருக்குத்தான் மௌனம். இவர் வந்து அதை இறுக்கினார். மௌன வாரத்தில் வெளியாளிடம் வாய் திறந்தவர் வீட்டுக்குப் போகவேண்டும், கவர்னரே ஆனாலும் சரி, என்று விதி எழுதினார்.

அந்த விதியில் முதலில் மாட்டியவர் துணை கவர்னர். இவருடைய இருபது வருஷத்துச் சிநேகிதர், எங்கள் வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்கு வரக்கூடிய மனுஷர். ஒரு கல்யாண வரவேற்பில் நிருபர் ஒருவன் அவரிடம், "பொருளாதாரம் எப்படி சார் இருக்கு?" என்று கேட்டிருக்கிறான். மனுஷர் வாயில் சாப்பாடு. கையை ஆட்டி, "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், பத்திரச் சந்தைக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். பரவாயில்லை என்றால் நன்றாயிருக்கிறது என்று பாதிப் பேர் பத்திரத்தை வாங்கினார்கள். பரவாயில்லை என்றால் சுமார்தான் என்று மீதிப் பேர் விற்றார்கள். எப்படியோ போகட்டும் என்று கைகழுவிவிட்டார் என ஒரு பேராசிரியர் கட்டுரையே எழுதினார். மறுவாரம் இவர் அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

"ஒரு வார்த்தைக்காகவா அவர் பொழப்புல மண்ணைப் போட்டீங்க?" என்று நான் கத்தினேன்.

"எங்க கடையில வேற என்ன சரக்கு இருக்கு? வார்த்தை மட்டும்தானே" என்றார். அவரும் அதன்பின் சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. துணை கவர்னர் அதற்குப்பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

இவர் வாயைப் பூட்டியதும் நிருபர்கள் என் பையைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாண வரவேற்பில் கேட்ட அதே ஆள்தான் ஆரம்பித்தது. மழையோ வெயிலோ எங்கள் கேட்டில் நிற்பான், நான் அவனுக்கு 'மைக்கு' என்று பெயர் வைத்திருந்தேன். நான் கடைக்குப் போய் வரும்போதெல்லாம் பை கனக்கிறதா, காற்றாடுகிறதா என்று பார்த்து எழுதிவைத்திருக்கிறான். பை கனத்தால் அடுத்த மாதம் விலைவாசி ஏறுகிறது என்று கண்டுபிடித்து, கவர்னர் வீட்டுக்கு உள்விஷயம் தெரியும், அதனால்தான் முன்கூட்டியே வாங்கிக் குவிக்கிறார்கள் என்று பேப்பரில் போட்டுவிட்டான். அதிலிருந்து பெரிய பெரிய வங்கிகள்கூடக் காய்கறிக் கடை வாசலில் ஆள் நிறுத்தின. என் தோள்பட்டை வலியை வைத்து வட்டிக் கணக்குப் போட்டார்கள் பாவிகள்.

வேடிக்கை என்னவென்றால், கண்டுபிடிப்பு சரிதான். காரணம்தான் வேறு. என் தம்பி ஓர் உருளைக்கிழங்குப் பைத்தியம். அவன் சாப்பிட வருகிறான் என்றால் நான் பை நிறைய உருளைக்கிழங்கு வாங்குவேன். அரசாங்கத்துக்குப் பண முடை வந்தால்தான் அவனுக்கு அக்கா ஞாபகம் வரும். முடை வந்தால் விலை ஏறாமல் என்ன செய்யும்?

இந்தத் தடவை வந்த முடை சாதாரண முடை இல்லை. பெரிய பத்திரம் ஒன்று முதிர்ந்து, பணத்தைத் திருப்பித் தரும் நாள் வந்து நின்றது, தேர்தலும் எட்டிப் பார்த்தது. மௌன வாரத்தின் நடுவில், சொல்லாமல் கொள்ளாமல், பின்வாசல் வழியாக வந்தான் தம்பி. இவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், ஏலத்துல ஆள் வரலைன்னா மிச்சத்தை உங்க பேங்க்கே எடுத்துக்கணும்."

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பணமில்லைன்னு சொல்லாதீங்க. மெஷினு உங்ககிட்டதான இருக்கு? ஒரு ஓட்டு ஓட்டுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லுங்க! சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு. முடியலைன்னா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, முடியுற ஆளைக் கொண்டு வர்றேன்."

அங்கேதான் சிக்கல். கவர்னரை அமைச்சர் நினைத்தபடி நீக்கிவிட முடியாது, அவராகப் போனால்தான் உண்டு. நோட்டடிக்கச் சொன்னால் இவர் போய்விடுவார், எனக்குத் தெரியும். அப்படிப் போனால் என் தம்பி முகத்தில் இவர் முழிக்கமாட்டார். போகாமல் மல்லுக்கு நின்றால் தம்பி என் வீட்டுப் படியை மிதிக்கமாட்டான். எனக்கு இருப்பதே இந்த இரண்டு பேர். ஏலம் நல்லபடியாக முடிந்தால் இரண்டு பேரும் மிஞ்சுவார்கள். எனக்கு அந்தக் கவலைதான். நாட்டின் கவலை அதற்குப் பிறகுதான் வந்தது, பொய் சொல்வானேன்.

இவர் சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் மதிப்பைத் தருவதாக உறுதி கூறுகிறேன் என்று அச்சடித்த வரியின் கீழே அவருடைய கையெழுத்து. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார்.

தம்பி சிரித்தான். "அது சும்மா அலங்காரத்துக்குப் போடுறது, அத்தான்."

இவர் முகம் சுருங்கிப்போயிற்று. அவருடைய அப்பா செத்த அன்றுகூட நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. தம்பியை ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது.

அவன் சமையலறைக்கு வந்தான். "அக்கா, நீயாவது மனசு வை. நாளைக்குக் கடைக்கு ஒரு குட்டிப் பையா எடுத்துட்டுப் போ. கால் கிலோ வெங்காயம் போதும். விலை ஏறாதுன்னு நினைச்சு எல்லாரும் ஓடி வந்து பத்திரம் வாங்குவாங்க. அத்தான் வேலையும் தப்பிச்சுது, நானும் தப்பிச்சேன்."

"போடா" என்றேன். ஆனால் அந்தப் 'போடா'வில் போதுமான உறுதி இல்லை என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. குட்டிப் பையோடு போனால் ஊரை ஏமாற்றுகிறேன். வீட்டில் எண்ணெய், சர்க்கரை, மாவு எல்லாம் தீர்ந்திருந்தன. உள்ளபடி வாங்கினால் மூன்று பை வரும், ஏலம் கவிழ்ந்துவிடும். இவரைக் கேட்கலாமென்றால் மௌன வாரம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். இவர் வாய் திறக்காத மாதிரி நான் கடைக்கே போவதில்லை. பையும் மௌன வாரம் அனுசரிக்கட்டும்.

அதைப்போல ஒரு முட்டாள்தனம் நான் செய்ததில்லை. கடைக்குப் போகாததால் எனக்குப் பொழுது போகவில்லை. பரண்மேல் கிடந்த பெட்டிகளை இறக்கித் துடைத்து, பூஞ்சை வாடை போகட்டும் என்று பால்கனியில் வெயிலில் வைத்தேன். மறுநாள் பேப்பரில் என் பெட்டிகள் படத்தோடு வந்தன. 'கடைக்குப் போவதை நிறுத்தியது கவர்னர் குடும்பம். வெளிநாட்டுக்குக் கிளம்பத் தயார்?'

அன்றுதான் ஏலம். காலையிலேயே தம்பி போனில் அலறினான். "அக்கா! பெட்டியை உள்ள எடு!"

உள்ளே எடுத்தேன். பெட்டிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று டிவியில் சொன்னார்கள்.

பத்திரத்தைக் கேட்க ஓர் ஆள்கூட வரவில்லை என்று வங்கியிலிருந்து சேதி வந்தது. இவர் போனை வைத்தார். கேட்டில் தெருவே திரண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன். "நான் ஒண்ணுமே செய்யலைங்க. ஒண்ணும் செய்யாம இருந்ததுக்கா இவ்வளவு?"

இவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அதையேதான் அவரும் செய்துவந்தார் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மூன்று பைகளையும் எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு கேட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மைக்கு முந்திக்கொண்டான். "சார், நாட்டை விட்டுப் போறீங்களா?"

இவர் வாயைத் திறந்தார். துணை கவர்னர் ஞாபகம் வந்து நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையை விலக்கிவிட்டார்.

"கடைக்குப் போறேன். வீட்டுல எண்ணெய் இல்லை. பெட்டியில பூஞ்சை, அதான் வெயில்ல வெச்சோம்."

மைக்கு அவசரமாக எழுதத் தொடங்கினான். இவர் நிறுத்தவில்லை.

"விலைவாசி ஏறும். ஏறாதுன்னு சொன்னா பொய். வட்டியை ஏத்தப்போறேன், எல்லாருக்கும் வலிக்கும், என்னைத் திட்டுவீங்க. ஆனா கடனை அடைக்க நோட்டு அடிக்கமாட்டேன். நான் இந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் அது நடக்காது. நம்புறவங்க பத்திரம் வாங்குங்க. நம்பாதவங்க தயவுசெஞ்சு என் பொண்டாட்டியோட பையைப் பார்க்காதீங்க. அவ பாவம்."

அந்த வங்கியிலிருந்து எழுவாயும் பயனிலையுமாக ஒரு பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை. மதியத்துக்குள் பத்திரம் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. வட்டி கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார்கள், அரசாங்கம் கொடுத்தது. நாங்கள் எண்ணெய் வாங்கினோம்.

சாயங்காலம் தம்பி வந்தான், இந்த முறை முன்வாசல் வழியாக, வாயெல்லாம் பல்லாக. கையில் தட்டச்சு செய்த ஒரு காகிதம்.

"கலக்கிட்டீங்க, அத்தான்! என் கட்சியில ஒருத்தனுக்கும் இப்படிப் பேச வராது." காகிதத்தை மேசையில் வைத்தான். "இதுல ஒரு கையெழுத்து. மௌன வாரத்துல பேசிட்டீங்கள்ல? கவர்னரே ஆனாலும் சரின்னு நீங்க எழுதின விதிதான். துணை கவர்னரை அனுப்பிட்டு நீங்க மட்டும் உட்கார்ந்திருந்தா அசிங்கம் இல்லையா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏலம் முடிந்தது, பணம் வந்துவிட்டது. அடுத்த மாதம் இன்னொரு பத்திரம் முதிரும். அதற்குள் நாற்காலியில் நோட்டடிக்கிற ஆளை உட்காரவைக்கப் பார்க்கிறான். நான் இருக்கிற வரைக்கும் என்று இவர் சொன்ன வாக்கு விடிந்தால் செல்லாது. மானஸ்தரான என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாமல் இருக்கமாட்டார் என்று தம்பிக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரியும்.

இவர் பேனாவை எடுத்தார். காகிதத்தை ஒருமுறை நிதானமாகப் படித்தார். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினார். பிறகு பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார்.

"போகலை, மாப்ள."

"அத்தான், ஊரே காறித் துப்பும். ஊருக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமான்னு கேப்பான்."

"பரவாயில்லை" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெட்கங்கெட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனுஷரைப் பார்த்து அன்றைக்குப் பட்ட பெருமையை நான் அதற்கு முன் பட்டதில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குத் துணை கவர்னர் வீட்டுக்குப் போகணும். கால்ல விழுந்தாவது திரும்பக் கூப்பிடணும். நீயும் வா."

தம்பி காகிதத்தை மடித்தான். "நீ யார் பக்கம், அக்கா?"

"சாப்பிட்டுட்டுப் போடா. உருளைக்கிழங்கு வேகுது."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அவர் சொன்னது சரிடா" என்றேன்.

அவன் சாப்பிடவில்லை. வாசலில் குனிந்து செருப்பு மாட்டும்போது, சின்ன வயதில் கோபித்துக்கொண்டு திண்டாடுவானே, அதே மாதிரி வார் மாட்டாமல் திண்டாடினான். நான் குனிந்து மாட்டிவிடப் போனேன். காலை இழுத்துக்கொண்டான். அதற்குப்பிறகு அவன் வரவில்லை. போன் செய்தால் அமைச்சர் கூட்டத்தில் இருக்கிறார் என்கிறார்கள்.

துணை கவர்னர் வந்துவிட்டார். முதலில் வீட்டு வாசலில் வைத்து இவரைக் கிழிகிழியென்று கிழித்தார், அப்புறம் வந்தார். பேப்பர்காரர்கள் இவருக்கு 'பசை கவர்னர்' என்று பட்டம் கட்டினார்கள், நாற்காலியோடு ஒட்டிக்கொண்டவராம். வட்டி ஏறியதில் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் என்னிடம் பேசுவதில்லை. நோட்டு மட்டும் செல்கிறது.

போன வாரம் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். மைக்கு கேட்டிலேயே நின்றிருந்தான். கொஞ்சநாளாக அவனுக்கு என்மேல் ஒரு மரியாதை.

"அம்மா, உங்க தம்பி பேசுறாரா? நீங்க எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்லை" என்றேன்.

அவன் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தான். "எந்தப் பரவாயில்லைம்மா?"

நான் உள்ளே வந்துவிட்டேன். பையை இறக்கிவைக்கும்போது தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. அன்று தம்பியின் பிறந்தநாள். ஒருவேளை வந்தாலும் வருவான் என்று பை நிறைய உருளைக்கிழங்கு வாங்கியிருந்தேன்.

மறுநாள் பேப்பரில் விலைவாசி ஏறும் என்று போட்டிருந்தார்கள்.